போலி என்று நான் சொன்ன புடவை

பைபிளில் வருகிற ஆகானை நான் பதினோரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டையில் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். எரிகோ பட்டணம் விழுந்தபோது அங்கிருந்து யாரும் எதையும் தனக்கென்று எடுக்கக்கூடாது என்று கர்த்தரின் கட்டளை. ஆகான் மட்டும் ஒரு பாபிலோன் சால்வையைப் பார்த்தான், ஆசைப்பட்டான், எடுத்துவந்து கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்தான். வெள்ளியும் பொன்னும்கூட எடுத்தான்தான். ஆனால் எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் துணி விஷயத்தில். அவன் செய்ததற்குத் தண்டனையாக, ஒன்றும் அறியாத முப்பத்தாறு பேர் அடுத்த சண்டையில் செத்தார்கள். "கேவலம் ஒரு துணிக்காக, மானங்கெட்டவன்" என்று நான் மேஜையைத் தட்டிச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருதரம் ஒரு சின்னப் பெண், "அந்தத் துணி ரொம்ப அழகா இருந்துருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றேன்.

மற்ற ஆறு நாளும் எனக்குக் காஞ்சிபுரத்தில் வேலை. பழைய பட்டுப்புடவை வாங்குகிற கடை. முதலாளி சீனிவாசன். பெட்டியில் கிடந்து மடிப்பில் கிழிந்துபோன புடவைகளை ஜனங்கள் கொண்டுவருவார்கள். பட்டு யாருக்கும் வேண்டாம், ஜரிகையை எரித்தால் வரும் வெள்ளிதான் கணக்கு. அசல் ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பியில் பொன் முலாம். போலி என்றால் உள்ளே செம்பு. கரையிலிருந்து ஓர் இழையை உருவிக் கறுப்புக் கல்லில் அழுத்தி உரசினால் மேல்பூச்சு போய் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். வெள்ளைக் கோடு விழுந்தால் அசல், சிவப்பு விழுந்தால் போலி. பத்தொன்பது வருஷமாக அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான், பொன்னியம்மாள்.

என் வாய்க்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. முதலாளியே ஒருமுறை, "பொன்னி, சந்தேகமா இருக்கறத எல்லாம் கொஞ்சம் மட்டமாவே சொல்லேன்" என்று பல்லைக் காட்டினார். கல்லை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்ப நீங்களே உரசிக்குங்க மொதலாளி" என்று செருப்பைத் தேடினேன். அன்றோடு சரி, அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்கள்கூட, "அந்த வேதக்காரம்மா உரசிச் சொன்னா சரி, அது பொய் சொல்லாது" என்பார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். பொய் என்ன, நிமிரத்தான் நிமிரும்.

என் அம்மா மாகறல் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு என்னை வளர்த்தாள். எங்கள் வீட்டில் எவரும் பட்டு உடுத்தியதில்லை. என் கல்யாணத்துக்கு நைலக்ஸ் புடவைதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சிம்ரன், வாலாஜாபாத்தில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். போன வருஷம் அவளுக்கு விக்ரம் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கொஞ்சம் வசதி. சம்பந்தியம்மா நிச்சயத்துக்கு அசல் பட்டு கட்டி வந்திருந்தார். கரையைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்குக் கல் எதற்கு? அவர் பக்கத்தில் நான் நின்ற போட்டோவை அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி விலை தினம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. கடையில் கூட்டம். ஒரு மதியம் வடிவாம்பாள் என்கிற அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். கடைசி வருஷம் படிக்கிற மகள் காயத்ரிக்குக் காலேஜில் பணம் கட்டவேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முறை வந்ததும் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தார்.

நான் எத்தனையோ ஆயிரம் புடவை பார்த்தவள். அதைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிட்டது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முப்பத்தோரு வருஷத்துப் புடவை என்றால் நம்பமுடியாது. ஒரு மடிப்பில்கூடக் கிழிசல் இல்லை. மாதாமாதம் எடுத்து, உதறி, மடிப்பை மாற்றி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். "எங்க வூட்டுக்காரர் நெய்ஞ்சதுமா. எனக்குன்னு, எங்க கல்யாணத்துக்குன்னு, அவரே ஜரிகை வாங்கி நெய்ஞ்சாரு" என்றார்.

இழையை உருவி உரசினேன். வெள்ளை. பளிச்சென்று வெள்ளை. இது எரியப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் நினைத்தது எரிவதைப் பற்றி இல்லை. சம்பந்தியம்மா பக்கத்தில் இதைக் கட்டிக்கொண்டு நான் நிற்பதை நினைத்தேன்.

கட்டைவிரலால் கோட்டைத் துடைத்தேன். "செம்புமா" என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா?"

"போலி ஜரிகை. எரிச்சா ஒண்ணும் வராது."

"நல்லாப் பாரு தாயே. இன்னொரு தபா பாரு."

ஒப்பிட்டுக் காட்டுவதற்காக என் டிராயரில் ஒரு போலிக் கரைத்துண்டு எப்போதும் கிடக்கும். இன்னோர் இழை உருவுவதுபோலக் குனிந்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கண் முன்னால் உரசினேன். சிவப்புக் கோடு விழுந்தது. முதலாளி போனில் பேசிக்கொண்டே எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். என்னை அவரும் சந்தேகப்படவில்லை.

போலி என்று தெரிந்த புடவையைப் பாதிப் பேர் திரும்ப எடுத்துப்போக மாட்டார்கள். கோபத்தில் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கடையில் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம், தலையணை உறை தைப்போம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏதோ வாய் தவறிவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

வடிவாம்பாள் அழவில்லை. புடவையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தோரு வருஷமா தங்கமாட்டம் காப்பாத்திக்கினு இருந்தேன்" என்றார். "என்னையே ஏமாத்திப்புட்டாரு பாரேன்." அப்புறம் மஞ்சள் பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். "அது இங்கயே கெடக்கட்டும்மா. அதைத் திரும்ப வூட்டுக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல."

மாலையில் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சிம்ரன் பிரித்துப் பார்த்து, "செம்மயா இருக்குதுமா, யாரு குடுத்தா?" என்றாள். போலி ஜரிகை, கடையில் விட்டுப்போனது என்றேன். "போலின்னு சத்தியம் பண்ணாலும் நம்பமாட்டாங்க, கல்யாணத்துக்கு இதையே கட்டு" என்றாள். அவள் தோளில் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எட்டாம் நாள் ஒரு மனிதர் கடைக்கு வந்தார். ஒல்லியாக, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. "நான் திருஞானசம்பந்தம், வடிவாம்பா வூட்டுக்காரன்" என்றார். "அந்தப் பொடவைய ஒரு தபா பார்க்கணும்மா. என் முன்னால ஓர் இழை உருவிக் காட்டு, போதும்."

"குப்பையோட போயிடுச்சுங்க" என்றேன்.

"நெய்யறப்பவே வெரலுக்குத் தெரிஞ்சிடும்மா. செம்பு ஜரிகைன்னா வெரல அறுக்கும். இது அறுக்கவே இல்ல."

"முப்பது வருஷம் ஆச்சுங்க ஐயா, மறந்திருப்பீங்க."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஓடிப்போய் அவரை நிறுத்தியிருக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் போனார். அந்தப் புடவைக்கான ரவிக்கைத் துணியை அன்று காலைதான் தையற்காரரிடம் கொடுத்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது. சபை நிறைய ஜனம். நான் மாம்பழ மஞ்சளில் சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றேன், அவர் கரையைத் தொட்டுப் பார்த்து, "பழைய காலத்து நெசவு, இப்பல்லாம் எங்க கெடைக்குது" என்றார். எல்லாப் போட்டோவிலும் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்டர் மணமக்களுக்கு உண்மையாய் இருப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நான் ஆமென் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத் திருஞானசம்பந்தம் மறுபடியும் வந்தார். இந்தத் தரம் வாசற்படியோடு நின்றுகொண்டார். ஆள் பாதியாகியிருந்தார். வடிவாம்பாள் ஆத்திரத்தில் தங்கையிடம் சொன்னது தெருவுக்குப் போயிருக்கிறது, தெருவிலிருந்து கலியாணசுந்தரத்துக்குப் போயிருக்கிறது. கலியாணசுந்தரம்தான் அவருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி. சொந்தப் பெண்டாட்டி புடவையிலேயே போலி போட்டவன், நான் கொடுத்த அசலை இத்தனை வருஷம் என்ன செய்தானோ என்று கேட்டிருக்கிறார். நெய்து பாதியில் இருந்த பாவு நூலைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பது வருஷம் நெய்தவர் வீட்டில் வெறும் தறி நின்றது.

"நான் சண்டைக்கு வரலம்மா" என்றார். "உன்னைத் தப்பு சொல்லவும் இல்ல. நீ பொய் சொல்லமாட்டேன்னு எல்லாருமே சொல்றாங்க. யோசிச்சுக்கினே இருந்தனா, இப்ப எனக்கே சந்தேகம் வந்துட்டுது. ஜரிகை வித்தவன் என்னை ஏமாத்திட்டானோ இன்னாவோ. அப்ப எனக்கு இருவத்தேழு வயசு. ஒரு நெசவுக்காரன் தெரியாம ஏமாற முடியுமாம்மா? நீ எவ்ளோ பார்த்திருப்ப. அது மட்டும் சொல்லு. ஏமாந்தவன்னு சொன்னா போதும், ஏமாத்துனவன்னு வேணாம்."

சொல்லிவிடு, பொன்னி, சொல்லித் தொலை என்று உள்ளே ஒன்று கத்தியது. சிம்ரன் புதுசாகப் போன வீடு, சம்பந்தியம்மா கரையைத் தொட்டுப் பார்த்த கை, இந்தக் கடை, அந்தச் சபை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஏமாறலாங்க ஐயா" என்றேன். "எப்பேர்ப்பட்டவங்களும் ஏமாறலாம்."

அவர் முகம் தெளிந்தது. நான் பெரிய உதவி செய்துவிட்டதுபோல, "நல்லா இரும்மா, புள்ள குட்டியோட நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதுதான் எனக்கு இப்போது அதிகம் வலிக்கிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆகான் பாடம் வந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பிடிக்கும், நான் எப்போது மேஜையைத் தட்டித் திட்டுவேன் என்று முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சால்வையைப் பார்த்தான் என்று சொன்னேன். ஆசைப்பட்டான் என்று சொன்னேன். மேற்கொண்டு வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினேன். முப்பத்தாறு பேரின் பெயர் அந்தக் கதையில் எங்கேயும் கிடையாது. எனக்கு ஒரே ஒருவரின் பெயர் தெரியும். அதையும் தெரிந்துகொண்டு எத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

சாயங்காலம் வாலாஜாபாத்தில் சிம்ரனின் மாமியார் வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். முதலில் அவளுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது சரியில்லை என்று நினைத்தேன். அவள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எல்லா போட்டோலயும் அந்தப் புடவை இருக்குதுமா" என்றாள். "இந்த வூட்டு ஹால்லயே பெருசா மாட்டி வச்சிருக்காங்க. நான் இன்னா சொல்லுவேன் இவங்ககிட்ட?"

"உண்மையச் சொல்லு."

"உண்மைய நீ அன்னிக்குச் சொல்லியிருக்கணும். சின்ன வயசுல அடுத்த வூட்டுக் கொய்யாக்காய எடுத்தேன்னு என்னைச் சூடு வைக்க வந்தவ நீ." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ போய்ச் சொல்லு, நான் வேணாங்கல. ஆனா கொஞ்ச நாளைக்கு இங்க வராதமா. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

கொஞ்ச நாள் என்றாள். ஏழு மாதம் ஆகிறது. அவள் வயிற்றில் ஆறு மாதம் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை புடவையைத் துவைக்காமல், அப்படியே மடித்து எடுத்துக்கொண்டேன். பைபிளில் வரி வசூலிக்கிற சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தான். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு ஜோடிக் கம்மலும், அம்மா வைத்துவிட்டுப் போன மூக்குத்தியும். அவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். கொடுத்துவிட்டால் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டைக் கேட்டபோது ஒருவர், "செத்துட்டாரே, அந்த வூடா?" என்றார். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

வடிவாம்பாள் உள்ளே வெறும் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புடவையை அவர் முன்னால் வைத்தேன். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் கோடு, கட்டைவிரல், டிராயரில் இருந்த துண்டு, கல்யாணம், அவர் வீட்டுக்காரர் இரண்டு முறை வந்தது, நான் சொன்ன பதில். ஒன்றையும் விடவில்லை. டப்பாவைத் திறந்து வைத்தேன்.

அவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை. புடவையின் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்தக் குழியிலதான் காலை வுட்டு உக்காந்துக்கினு இருந்தாரு" என்றார், தறிக்குழியைக் காட்டி. "பாவும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா உக்காந்துக்கினு இருப்பாரு. டீ எடுத்துக்கினு வந்து கூப்பிட்டேன், எழுந்திரிக்கல." கரையிலிருந்து விரலை எடுத்தார். "அதுக்கு மொத நாள் ராத்திரி கேட்டாரு. ஊரு போவட்டும், நீயாவது என்னை நம்பு வடிவுன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? கல்லு பொய் சொல்லுமான்னேன்."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கட்டும் என்று இருந்தது. அவர் எழுந்து, புடவையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா" என்றார்.

தெருவில் ஒவ்வொரு வாசலாக என்னை நிறுத்தினார். "எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லு." உள்ளே தறிச் சத்தம் நிற்கும், ஆட்கள் வெளியே வருவார்கள், நான் சொல்வேன். புடவை அசல், அவர் போட்டது அசல் ஜரிகை, போலி என்று பொய் சொன்னது நான், எனக்கு அந்தப் புடவைமேல் ஆசை வந்தது, அதனால் சொன்னேன். மூன்றாவது வீட்டில் எனக்குக் குரல் போய்விட்டது. அவர் விடவில்லை. பதினாலு வாசல். யாரோ என்மேல் எச்சில் துப்பினார்கள், ஒரு பெண் என் மதத்தை இழுத்துத் திட்டினாள். அதற்கு வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

கடைசியாகக் கலியாணசுந்தரம் வீடு. அவர் சட்டையில்லாமல் வெளியே வந்து, கேட்டு முடித்து, தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவமே. தங்கமான மனுஷனாச்சே" என்றார். "நீயே வந்து சொல்றப்போ வேற இன்னா இருக்குது, அப்ப அசல்தான்." கரையைக்கூட அவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்து வாசலில் வடிவாம்பாள் என் கையை விட்டார். மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்திருந்தன. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"போலின்னு நீ சொன்னே, எல்லாரும் நம்பினாங்க" என்றார். "இப்ப அசல்னு சொல்றே, இப்பவும் உன்னைத்தான் நம்புறாங்க. ஒருத்தராவது ஓர் இழை உருவிப் பார்த்தாங்களா? நாப்பது வருஷம் இந்தத் தெருவுல இருந்து அவரு சொன்னாரு, அசல்தான் போட்டேன்னு. அவரை ஒருத்தரும் நம்பல."

புடவையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நானும் நம்பலியேம்மா" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.